பலகை ஒட்டுறதுக்கு முன்னாடி

போன வருஷம் இன்டர்ன்ஷிப் பணம் கைக்கு வந்தப்போ, ரூம்ல ஒருத்தன் ஷூ வாங்கினான், இன்னொருத்தன் ஹெட்செட் வாங்கினான். நான் மரத்துல கப்பல் செய்யிற கிட் ஒண்ணு வாங்கினேன். இருபது நாள்ல எலும்புக்கூடு முடிச்சு பலகையும் ஒட்ட ஆரம்பிச்சாச்சு. இருபத்தொண்ணாவது நாள் காலையில அதை நேருக்கு நேர் வெச்சுப் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கமா திரும்பியிருந்தது. ஸ்கேல் வெச்சு அளந்தா 4 மில்லிமீட்டர்.

4 மில்லிமீட்டர்தானேன்னு தோணும். ஆனா 1:60 ஸ்கேல்ல அது நிஜக் கப்பல்ல 24 சென்டிமீட்டர். அதை விடுங்க, மேசை மேல வெச்சா யாரு பார்த்தாலும் "ஏன்டா வளைஞ்சிருக்கு?"ன்னுதான் முதல்ல கேட்பாங்க. கேட்டாங்க.

அந்த 4 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்ததுன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை. நீங்களும் ஒரு கிட் வாங்கலாம்னு யோசிச்சிட்டிருந்தா, முதல் பலகை ஒட்டுறதுக்கு முன்னாடியே உங்க கப்பலோட தலையெழுத்து முடிவாகிடும். யூடியூப்ல எல்லாரும் பலகை ஒட்டுறதையும் பாய்மரம் நிறுத்துறதையும்தான் அழகா காட்டுவாங்க. அதுக்கு முந்தின ஒரு மாச வேலையை ஃபாஸ்ட் ஃபார்வர்டுல ஓட்டிடுவாங்க.

எந்தக் கப்பல்?

கடையில இருக்கிறதுலயே பெருசா, பீரங்கி வரிசை வரிசையா இருக்கிறதை எடுக்கத்தான் கை போகும். நெல்சனோட விக்டரி கப்பல் அப்படித்தான் இழுக்கும். வேண்டாம். நூறுக்கு மேல பீரங்கி, மூணு தளம், கணக்கில்லாத கயிறு. முதல் கிட்டா அதை எடுத்தவங்க நிறைய பேர் வீட்டுல அது பரண் மேலதான் இருக்கும். ஒரு பாய்மரமோ ரெண்டோ இருக்கிற, உடம்பு ரொம்ப நெளியாத சின்னக் கப்பல் முதல் தடவைக்குப் போதும்.

நான் எடுத்தது பீகிள். டார்வின் போன அதே பீகிள்தான். 1820ல வூலிச் கப்பல்துறையில மிதக்க விட்ட, 10 பீரங்கி தாங்கிற சின்னக் கப்பல். முதல்ல ரெண்டு பாய்மரம்தான் இருந்தது, சர்வே வேலைக்கு மாத்தினப்போ மூணாவது வந்தது. அந்த வகைக் கப்பல்கள் புயல்ல கவிழ்ந்து போறதால மாலுமிகள் அதுக்கு வெச்ச பேரு 'சவப்பெட்டி'. அப்படிப்பட்ட ஒண்ணுதான் 1831 டிசம்பர்ல கிளம்பி, 1836 அக்டோபர்ல பத்திரமா திரும்பி வந்தது. நீளம் சுமார் 27.5 மீட்டர். 60ஆல வகுத்தா 46 சென்டிமீட்டர். ஹாஸ்டல் மேசைக்குச் சரியா இருக்கும்னு நினைச்சேன். கயிறு கட்டுற அளவுக்கு வந்தா மூணு பாய்மரம் கொஞ்சம் அதிகம்தான். அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை, நான் இன்னும் அங்க போகவே இல்லை.

பெட்டிக்குள்ள என்ன இருக்கும்?

பெட்டியைத் திறந்தா கப்பல் மாதிரி எதுவுமே இருக்காது. லேசர்ல வெட்டின பிளைவுட் தகடு நாலஞ்சு, நூடுல்ஸ் மாதிரி கட்டு கட்டா மெல்லிசான மரப்பட்டை, நூல், பித்தளைச் சாமான், பெரிய வரைபடம்.

இந்த வகை கிட்டோட அமைப்பு ரொம்ப எளிமையானது. மீன் சாப்பிட்டு முடிச்ச தட்டுல கிடக்கிற முள்ளை நினைச்சுக்கோங்க. நடு முள்ளு மாதிரி நீளமா ஒரு பிளைவுட், அதுதான் கீல். அதுல இருக்கிற வெட்டுகள்ல குறுக்கே ஒவ்வொண்ணா மாட்டுற சட்டங்கள் பல்க்ஹெட். இந்த எலும்புக்கூட்டு மேல மரப்பட்டைகளை வரிசையா ஒட்டினா உடம்பு வந்துடும். பெரும்பாலான கிட்ல ரெண்டு தோல் உண்டு. முதல் தோல் தடிமனான மலிவு மரம், உருவத்துக்கு. ரெண்டாவது தோல் அரை மில்லிமீட்டர்ல நல்ல மரம், அழகுக்கு.

ரெண்டு தோல்ங்கிறது பொம்மைக்காகச் செஞ்ச ஏமாத்து வேலைன்னு நினைச்சிட்டிருந்தேன். டார்வின் பயணத்துக்கு முன்னாடி பீகிளோட அடிப்பாகத்துல 2 அங்குல ஃபிர் பலகையை இன்னொரு தோலா அடிச்சு, அதுக்கு மேல செப்புத் தகடு போட்டாங்க. 2 அங்குலத்தை 60ஆல வகுத்தா 0.85 மில்லிமீட்டர். ஏறக்குறைய கிட் அளவுதான்.

நம்ம ஊர்ல தோணி கட்டுறவங்க கீலை ஏரான்னும், விலாச் சட்டத்தை வங்குன்னும் சொல்லுவாங்க. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு நாலுமே புதுசு. அணியம், அமரம் ரெண்டும் நல்லா இருக்கிறதால இனிமே அதையே எழுதுறேன்.

பெட்டி திறந்த அன்னைக்கு ஒரே ஒரு வேலைதான் செய்யணும். பிளைவுட் தகட்டுல இருக்கிற ஒவ்வொரு துண்டு மேலயும் பென்சில்ல நம்பர் எழுதுங்க. அப்புறம் வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க. எல்லாத்தையும் ஆசைல பிடுங்கி எடுத்துடாதீங்க. ஏழாவது பல்க்ஹெட்டும் எட்டாவது பல்க்ஹெட்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும், வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான்.

கீல்: என் முதல் தப்பு

பிளைவுட் கீலை எடுத்து ஒரு கண்ணாடி மேல படுக்க வைங்க. எங்கயாவது தூக்கிக்கிட்டு ஆடினா அது வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். மெல்லிசா வளைஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் லேசா ஈரம் பண்ணி, தட்டையான இடத்துல வெச்சு, மேல நாலு தடிப் புத்தகம் ஏத்தி ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க. நாலு வருஷமா திறக்காத ஏதாவது புக் இருக்குமே, அது போதும்.

நான் கண்ணாடியில வெச்சுப் பார்த்தேன், நேராத்தான் இருந்தது. அதுக்கப்புறம்தான் தப்பு பண்ணினேன். செமஸ்டர் எக்ஸாம் வந்ததும் கீலை ஜன்னல் ஓரமா சுவத்துல சாய்ச்சு வெச்சிட்டுப் போயிட்டேன். ஐப்பசி மழை. மூணு வாரம். திரும்பி வந்து, மறுபடி பார்க்காமலே வேலையை ஆரம்பிச்சேன். 4 மில்லிமீட்டர்ல பாதி அங்கிருந்து வந்தது. ஆகவே எந்த மரத்துண்டையும் சாய்ச்சு வைக்காதீங்க, படுக்க வைங்க.

கீல்ல இன்னொரு வேலை உண்டு. வரைபடத்துல அதை ஒரே ஒரு புள்ளிக்கோட்டுல காட்டிட்டுப் போயிடுவாங்க. அமரத்துக்கிட்ட ரெண்டு பக்கத்துப் பலகைகளும் கீல் மேல வந்து ஒட்டும். இப்போ கணக்குப் போடுங்க. கீல் தடிமன் 5 மி.மீ., முதல் தோல் 1.5, ரெண்டாவது தோல் 0.5ன்னு வெச்சுப்போம். ஒரு பக்கத்துக்கு 2, ரெண்டு பக்கத்துக்கு 4. அப்படியே ஒட்டினா அமரத்துல 9 மி.மீ. ஆயிடும். ஆனா அங்க வந்து உட்கார வேண்டிய சுக்கான் தாங்கும் தூண் 5 மி.மீ.தான். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. அதனால அந்த இடத்துல கீலை ரெண்டு பக்கமும் சீவி 1 மி.மீ. வரைக்கும் மெல்லிசாக்கணும்.

பல்க்ஹெட் மாட்டின பிறகு அங்க உளியும் போகாது, உப்புத்தாளும் போகாது. மாட்டுறதுக்கு முன்னாடி செஞ்சா அரை மணி நேர வேலை. மாட்டின பிறகு செஞ்சா ரெண்டு நாள், விரல்ல ரெண்டு பிளாஸ்டர்.

பல்க்ஹெட்: பசை இல்லாம முதல்ல

எல்லா பல்க்ஹெட்டையும் முதல்ல பசை போடாம மாட்டிப் பாருங்க. இறுக்கமா இருந்தா சுத்தியலால தட்டாதீங்க, வெட்டை அரத்தால ரெண்டு இழுப்பு இழுங்க. தளர்வா இருந்தா ஒரு பேப்பர் துண்டு சொருகலாம். ஒவ்வொண்ணும் வெட்டோட அடி வரைக்கும் இறங்கியிருக்கணும். ஒண்ணு மட்டும் அரை மில்லிமீட்டர் எக்கி நின்னா, மேல தளம் வைக்கிறப்போ அங்க ஒரு ஸ்பீட் பிரேக்கர் வரும்.

ரெண்டு விஷயத்தைச் சரிபார்க்கணும். ஒண்ணு, கீலுக்கும் பல்க்ஹெட்டுக்கும் நடுவுல சரியா 90 டிகிரி. மூலைமட்டம் இருந்தா நல்லது. இல்லைன்னா தம்பியோட லெகோ கட்டைகளைத் தூக்கிட்டு வாங்க, ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

ரெண்டாவது, பல்க்ஹெட் இடம் வலம் சமமா இருக்கா. இதுக்கு ஒரு எளிய வழி: அணியத்தோட நுனியில ஒரு குண்டூசி குத்தி நூல் கட்டுங்க. நூலை ஒரு பல்க்ஹெட்டோட இடது முனைக்கு இழுத்து நீளத்தைக் குறிங்க. அதே நீளம் வலது முனையிலும் வரணும். வரலைன்னா அது திரும்பியிருக்கு.

பசைக்கு சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். உடனே பிடிக்கிற சூப்பர் க்ளூவை இந்தக் கட்டத்துல தொடாதீங்க. பத்து நொடியில பிடிச்சுக்கும், அதுக்குள்ள 90 டிகிரியைப் பார்க்க முடியாது. ஃபெவிகால் சரிபண்ண அஞ்சு பத்து நிமிஷம் கொடுக்கும். ஒரே நாள்ல எல்லாத்தையும் ஒட்டணும்னு அவசரப்படாம, நாளைக்கு ரெண்டு மூணுன்னு ஒட்டுங்க. விக்டரி கப்பலுக்கு 1759ல கீல் போட்டாங்க, 1765லதான் தண்ணியில இறக்கினாங்க. நடுவுல சண்டையோட அவசரம் குறைஞ்சதால அதோட எலும்புக்கூட்டை வருஷக்கணக்குல அப்படியே காய விட்டாங்க. கப்பல் இன்னைக்கும் போர்ட்ஸ்மத்ல இருக்கு.

ஒட்டி முடிச்சதும் மேல்தளத்துக்கான மெல்லிய பிளைவுட்டையும் உட்கார வெச்சிடுங்க. அது வரைக்கும் எலும்புக்கூடு கையில முறுக்கினா முறுக்கும். தளம் ஒட்டினதும் கட்டை மாதிரி நிக்கும். அணியத்துல முதல் பல்க்ஹெட்டுக்கு முன்னாடி இருக்கிற காலி இடத்துல ரெண்டு பக்கமும் பால்சா கட்டை ஒட்டி, வளைவுக்கு ஏத்த மாதிரி தேய்ங்க. அங்கதான் பலகை ரொம்ப வளையும், ஒட்ட இடம் வேணும்.

ஃபேரிங்: கட்டுரையே இதுக்குத்தான்

இனிமே வர்றதை நான் முதல் தடவை செய்யவே இல்லை.

லேசர் எப்பவும் நேர்க்குத்தாத்தான் வெட்டும். அதனால பல்க்ஹெட்டோட ஓரம் சதுரமா இருக்கும். ஆனா பலகை அதைச் சாய்வா கடந்து போகுது. கப்பல் அணியத்துப் பக்கம் குறுகிக்கிட்டே போறதால, பலகை பல்க்ஹெட்டோட முன் விளிம்புல மட்டும் தொடும், பின் விளிம்புல தொடாது. ஒரு கூர்மையான கோட்டுல பசை எவ்வளவு பிடிக்கும்? அதனால முன் விளிம்பைச் சாய்வா தேய்ச்சு, முழுத் தடிமனும் பலகையைத் தொடுற மாதிரி செய்யணும். இதுக்குப் பேர்தான் ஃபேரிங்.

எவ்வளவு தேய்க்கணும்? ரெண்டு பல்க்ஹெட்டுக்கு நடுவுல 35 மி.மீ. தூரம், அந்த 35க்குள்ள அரை அகலம் 12 மி.மீ. குறையுதுன்னு வெச்சுக்கோங்க. சாய்வு 12/35. பல்க்ஹெட் தடிமன் 4 மி.மீ. என்றால், முன் விளிம்புல 4 × 12/35, அதாவது ஏறக்குறைய 1.4 மி.மீ. போகணும். பத்தாங்கிளாஸ் கணக்கு. ஆனா இதே சாய்வு மேல தளத்துக்கிட்ட ஒரு அளவு, அடியில கீலுக்கிட்ட வேற அளவு. அதனால கணக்கு ஒரு அந்தாஜுக்குத்தான், கடைசியில கண்ணும் கையும்தான் தீர்மானிக்கும். அணியத்துப் பாதியில முன் விளிம்பு, அமரத்துப் பாதியில பின் விளிம்பு. கப்பலோட நடுவைப் பார்த்த விளிம்பை மட்டும் தொடவே தொடாதீங்க, அதுதான் வரைபடத்தோட அளவு.

இப்போ நம்ம பாடத்துக்கு வருவோம். கேட் லேப்ல ஸ்பிளைன்னு ஒரு கமாண்ட் அடிச்சு வளைகோடு போட்டிருக்கீங்க இல்லையா? அந்த வார்த்தை கம்ப்யூட்டர்ல பிறந்தது இல்லை. கப்பல் வரைபடம் போட்டவங்க மெல்லிய, வளையக்கூடிய ஒரு மரப்பட்டையைப் பேப்பர் மேல வெச்சு, அங்கங்க ஈயக் குண்டு வெச்சு நிறுத்தி, அதோட ஓரமா கோடு போடுவாங்க. அந்த மரப்பட்டைதான் ஸ்பிளைன். குண்டுகளுக்கு நடுவுல அந்தப் பட்டை தனக்கு எது சுலபமோ அப்படி வளையும், அதாவது வளைவு ஆற்றல் குறைவா இருக்கிற மாதிரி. லேசான வளைவுக்கு பீம் தியரி போட்டா ரெண்டு குண்டுக்கு நடுவுல கியூபிக் பாலினாமியல் வரும். நாம மேத்ஸ்ல எழுதின கியூபிக் ஸ்பிளைன் அதுவேதான்.

கிட்ல என்ன நடக்குதுன்னு இப்போ பாருங்க. பலகைதான் ஸ்பிளைன், பல்க்ஹெட்தான் ஈயக் குண்டு. நிஜக் கப்பல்ல விலாச் சட்டங்கள் கிட்டத்தட்ட ஒட்டி ஒட்டி இருக்கும். கிட்ல 3, 4 சென்டிமீட்டருக்கு ஒண்ணுதான். நடுவுல இருக்கிற வடிவத்தை யாரும் வெட்டிக் கொடுக்கலை, பலகையே முடிவு பண்ணுது. அதனால ஒரே ஒரு பல்க்ஹெட் அரை மில்லிமீட்டர் துருத்தினாலும், அந்த ஒரு இடம் மட்டும் புடைக்காது. அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற வளைவையும் அது கெடுக்கும். உப்புத்தாளால பின்னாடி சரிபண்ணிக்கலாம்னு நினைச்சா, புடைப்புல பலகை ஓட்டையாகிற வரைக்கும் தேய்ப்பீங்க, பக்கத்துல பள்ளம் அப்படியே இருக்கும்.

அதனால சோதனையும் ஸ்பிளைன் வெச்சுத்தான். கிட்ல இருக்கிற பலகை ஒண்ணை எடுத்து, நாலஞ்சு பல்க்ஹெட் மேல விரலால மெதுவா பிடிங்க. பின்னாடி இருந்து போன் டார்ச் அடிங்க. வெளிச்சம் கசியிற இடம் பள்ளம். பலகையைத் தூக்கித் தள்ளுற இடம் மேடு. இதை தளத்துக்கிட்ட, நடுவுல, அடியில, சாய்வா எல்லாம் வெச்சுப் பாருங்க.

தேய்க்கிறப்போ விரல்ல உப்புத்தாள் சுத்தித் தேய்க்காதீங்க. ஒரு நேரான மரச்சட்டத்துல 120 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, எப்பவும் மூணு பல்க்ஹெட்டை ஒண்ணா தொடுற மாதிரி தேய்ங்க. அதுக்கு முன்னாடி எல்லா விளிம்புலயும் மார்க்கர் பேனாவால கலர் அடிச்சிடுங்க. தேய்ச்ச பிறகு கலர் மிச்சம் இருக்கிற இடம் இன்னும் தொடாத பள்ளம். ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் ஷாப்ல ரெண்டு பரப்பு சேருதான்னு பார்க்க நீல மை தடவுவாங்களே, அதே வேலை. பள்ளம் ரொம்ப அதிகம்னா அங்க ஒரு மெல்லிய பட்டை ஒட்டி மறுபடி தேய்ங்க. மரம் சேர்க்கிறது வெட்கப்படுற விஷயம் இல்லை.

எனக்கு ரெண்டாவது தடவை இதுக்கு மட்டும் ஒன்பது சாயங்காலம் ஆச்சு. லேசர் கருக்கின தூள் எல்லாம் ரூம்மேட் தலையணை வரைக்கும் போச்சு. மாஸ்க் போட்டுக்கோங்க, முடிஞ்சா மொட்டை மாடிக்குப் போங்க.

முதல் பலகை

எத்தனை பலகை வேணும், எவ்வளவு சீவணும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். நடு பல்க்ஹெட்ல தளத்துல இருந்து கீல் வரைக்கும் ஒரு பேப்பர் பட்டையைச் சுத்தி அளங்க. 110 மி.மீ. வந்தா, 5 மி.மீ. பலகை 22 வேணும். அணியத்துல அதே அளவு 66 மி.மீ.தான் வருதுன்னா, அதே 22 பலகை அங்க 3 மி.மீ. அகலத்துக்குச் சீவப்படணும். பாதி அகலத்துக்குக் கீழ போக வேண்டிய நிலை வந்தா சீவாதீங்க, ஒரு பலகையை அங்க நிறுத்திடலாம். அமரத்துல 125 மி.மீ. வந்தா 15 மி.மீ. இடைவெளி, அதை மூணு ஆப்பு வடிவத் துண்டு நிரப்பும். சீவாம பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டே போனா, அணியத்துல பலகைகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, வாழைப்பூ மாதிரி ஆயிடும்.

பலகையை ஒரு மணி நேரம் தண்ணில ஊறப்போட்டு, வளைச்சு கிளிப் போட்டு, காய்ஞ்ச பிறகு ஒட்டுங்க. ஈரத்தோட ஒட்டினா காயறப்போ சுருங்கி நடுவுல கோடு கோடா இடைவெளி விடும்.

இதுலதான் என் ரெண்டாவது தப்பு. இடது பக்கம் ஒரு பலகை ஒட்டினா, அடுத்தது வலது பக்கம் ஒட்டணும். ஒவ்வொரு பலகையும் வளைஞ்ச வில்லு, அது நிமிரத்தான் பார்க்கும். நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து இடது பக்கமே ஆறு ஒட்டிட்டேன். ஆறு வில்லும் சேர்ந்து, ஏற்கெனவே வளைஞ்சிருந்த கீலை இன்னும் இழுத்திடுச்சு. மீதி 2 மில்லிமீட்டர் அது.

பிரிக்க முடிஞ்சது, அது ஒண்ணுதான் ஆறுதல். ஃபெவிகால் வகைப் பசை ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு இளகும். பிரஷ்ல தடவி, கால் மணி நேரம் விட்டு, மெல்லிய கத்தியை நுழைச்சா பலகை கழண்டு வரும். ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல அயர்ன் பாக்ஸ், கொசுவத்தி எதுவும் வேண்டாம், சட்டுனு பத்திக்கும். ஆறு பலகை, தளம், அணியத்துக் கட்டை எல்லாம் கழட்டினேன். ரெண்டு பல்க்ஹெட் உடைஞ்சது, அதை மட்டும் ஜெராக்ஸ் வெச்சு கடையில வாங்கின பிளைவுட்ல புதுசா வெட்டினேன். கீலை ஈரம் பண்ணி, தெர்மோடைனமிக்ஸ் புக்குக்கு அடியில நாலு நாள் வெச்சேன்.

இப்போ இடது பக்கம் ஒன்பது, வலது பக்கம் ஒன்பது. நேத்து நூல் பிடிச்சுப் பார்த்தேன், வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள்ளதான். மே மாசம் ரூம் காலி பண்ணணும். அதுக்குள்ள முதல் தோல் முழுசா மூடிட்டா ஒரு அட்டைப்பெட்டியில வெச்சு பஸ்ல கொண்டு போயிடலாம். வெறும் எலும்புக்கூடா இருந்தா எட்டு மணி நேரம் தாங்காது. அடுத்த ஜோடி பலகை பக்கெட்ல ஊறிக்கிட்டிருக்கு. பார்க்கணும்னா ரூமுக்கு வாங்க, ஆனா அந்த பக்கெட்ல யாரும் துணி ஊறப்போட்டுடாதீங்க.